இருங்க, சொல்றோம்

ப்ளஸ் டூவுக்கு 1200 மார்க் இருந்த காலம். ஒரு நர்சிங் கல்லூரியில் நேர்காணல் முடிந்து, வெயிட்டிங் லிஸ்டில் என் பெயர் நான்காவதாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைக் காட்டிவிட்டு, "இருங்க, சொல்றோம்" என்றார். எப்போது என்று அப்பா கேட்டார். "சொல்றோம் சார்." அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பாதி வழியில், "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருப்பாங்கள்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஆறு வாரம் போனது. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவுடையது. லேத் பட்டறைக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன், குளிக்கப் போகும்போது பாத்ரூம் ஜன்னலில் வைத்தேன். கஸ்டமர் கேரிலிருந்து ரிங்டோன் விற்கக் கூப்பிட்ட பெண்ணிடம்கூட எழுந்து நின்று பேசினேன். நானாக இரண்டு முறை அழைத்தபோது கிடைத்த பதில்: "லிஸ்ட் மூவ் ஆனா நாங்களே சொல்வோம்மா."

இதற்கிடையில் உள்ளூர் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி வந்தது. கட்டினால் திரும்ப வராது. கட்டாவிட்டால் இதுவும் போகலாம், அதுவும் போகலாம். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

லிஸ்டில் மூன்றாவதாக ஒரு பெண் இருந்தாள். நேர்காணல் அன்று பக்கத்தில் உட்கார்ந்து தன் புளிசோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தவள். ஹாஸ்டலில் விட அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். நான்காவது வாரம் ஒருநாள் சாமி படத்தின் முன்னால் நின்றுகொண்டு, 'முருகா, அவங்க அப்பா கடைசி வரைக்கும் ஒத்துக்கக் கூடாது' என்று வேண்டினேன். வேண்டி முடித்து விபூதியும் பூசிக்கொண்டேன். வெட்கமெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது.

அந்த வேண்டுதல் என்னுடையதுதான், அதற்கு வேறு யாரையும் கைகாட்ட மாட்டேன். ஆனால் முதல் வாரத்தில் அது எனக்குள் இல்லை. தேதி இல்லாத ஆறு வாரம் அதை எனக்குள் வளர்த்தது. அப்போதிலிருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. பொறுமையைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் காத்திருப்பவருக்குச் சொல்லப்பட்டது. பொறுத்தார் பூமி ஆள்வார். சரி, பொறுக்க வைத்தவர்? அவருக்குக் கடமை என்று ஏதாவது உண்டா, இல்லையா?

*

திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தில் ஒரு கொக்கு வரும். பள்ளிக்கூடத்தில் பொறுமைக்கு உதாரணமாக அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் கொக்கின் காத்திருப்பு அதிகாரம் உள்ளவரின் காத்திருப்பு. எப்போது கொத்துவது என்பதைக் கொக்கே முடிவு செய்கிறது. வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் பிள்ளை கொக்கு இல்லை. முடிவு வேறெங்கோ இருக்கிறது. அவளால் முடிந்ததெல்லாம் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1997இல் வெளியான 'பாஸ்கலிய தியானங்கள்' நூலில் இந்த இடத்தைத் தொடுகிறார். அதிகாரம் எப்படி இருக்கும் என்பதை நாம் காத்திருக்கும்போதுதான் நன்றாக உணர்கிறோம் என்பது அவர் வாதம். நேரடியாக மறுத்துவிட்டால் ஆள் விலகிப் போய்விடுவார். நம்பிக்கை செத்துவிடாத அளவுக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் பிடி விடாது. அந்த ஜன்னலில் இருந்தவருக்கு இப்படி எந்தத் திட்டமும் இருந்திருக்காது. அவருக்கும் மேலிருந்து யாரோ "இருங்க, சொல்றோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரும் திட்டமிடாமலேயே என் வீட்டில் அந்தப் பிடி இருந்தது.

தமிழில் இதற்கான சொல்லே விசித்திரமானது. காத்திருத்தல் என்ற சொல்லுக்குள் காத்தல் இருக்கிறது. காவலுக்கும் அதே வேர்தான். காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை, எதையோ காவல் காத்துக்கொண்டிருக்கிறார். நான் போனைக் காத்தேன். அப்பா கடன் வாங்கிய பணத்தின் ரசீதைக் காத்தார். 'காக்க வைத்தல்' என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது யோசிக்கிறேன். நம்முடைய முடிவுக்கு இன்னொருவரைச் சம்பளமில்லாத வாட்ச்மேனாக்குவது. டூட்டி எப்போது முடியும் என்றும் சொல்லாமல்.

*

ஐந்திணைக்கும் உரிப்பொருள் என்னவென்று நாமெல்லாம் மனப்பாடம் செய்திருப்போம். முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். இரண்டிலும் தலைவன் பக்கத்தில் இல்லை, இரண்டிலும் ஒரு பெண் காத்திருக்கிறாள். பிறகு ஏன் ஒன்று இருத்தல், இன்னொன்று இரங்கல்?

பெரும்பொழுதைப் பார்த்தபோது எனக்கு ஒரு விடை கிடைத்தது. முல்லைக்குப் பெரும்பொழுது கார்காலம். மழை தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நெய்தலுக்கோ ஆறு பெரும்பொழுதும் உரியவை. அதாவது அதற்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது. எல்லா மாதமும் ஒன்றுதான். இது இலக்கண ஆசிரியர்கள் சொன்ன விளக்கம் அல்ல, வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவள் படித்த படிப்பு. முல்லைப் பெண்ணிடம் ஒரு தேதி இருக்கிறது. நெய்தல் பெண்ணிடம் கடல் மட்டும்தான் இருக்கிறது.

தேதி இருந்தால் என்ன கிடைக்கும்? நிம்மதி கிடைக்கும் என்று தோன்றும். அதைவிட முக்கியமாகக் கோபப்படும் உரிமை கிடைக்கும். மழை வந்தும் தலைவன் வராவிட்டால் அவன் சொல் தவறிவிட்டான். அதை அவள் சொல்லலாம், ஊரும் சொல்லும். "இருங்க, சொல்றோம்" என்ற வாக்கியத்தை மீறவே முடியாது. ஆறு வாரம் கழித்தும் அது பொய்யாகவில்லை, ஆறு வருஷம் கழித்தும் ஆகாது. யாரும் அதில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் எல்லா ஜன்னல்களிலும் அதையே சொல்கிறார்கள்.

தேதியே பொய்யாகிப் போனால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. குறுந்தொகையின் 66ஆவது பாடலில் மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, தலைவன் வரவில்லை. தோழி சமாளிக்கிறாள்: கொன்றைக்குத்தான் அறிவில்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டது. என் அம்மாவும் அந்தத் தோழி மாதிரிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துரும்டி" என்பாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா மேல் ஒருநாளும் கோபம் வரவில்லை. முடிவு அவள் கையில் இல்லை. கையில் முடிவை வைத்திருப்பவரும் அதே பொய்யைச் சொன்னால் அதை ஆறுதல் என்று சொல்ல முடியாது.

*

எனக்கு சீட் கிடைத்தது. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. நாளை சாயங்காலத்துக்குள் நேரில் வந்து பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் அவர்களுக்கு ஆறு வாரம் கொடுத்தோம், அவர்கள் எங்களுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. முதல் நாள் வகுப்பில் புளிசோற்றுப் பெண்ணைத் தேடினேன். அவள் இல்லை. ஏன் வரவில்லை என்று யாரிடமும் கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

நான்கு வருஷம் படித்து வேலைக்கு வந்தேன். ஐ.சி.யூ.வில் நைட் டூட்டி. ஒரு பெரியவரின் மனைவி வென்டிலேட்டரில் இருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் ஏதோ எடுக்க வெளியே வந்தபோது எழுந்து வந்து, "அவ எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார். உள்ளே இரண்டு பெட் நிலைமை சரியில்லை. கைவேலை நிறைய இருந்தது.

"இருங்கய்யா, சொல்றோம்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அன்று எனக்கு உறைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் மயங்கிக் கிடந்தார். சுகர் பேஷன்ட். ராத்திரி மாத்திரை போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழித்ததும் நான் திட்டினேன்: "கீழதானே கேன்டீன் இருக்கு, போய் ரெண்டு இட்லி சாப்பிட்டா என்னய்யா?" அவர் சொன்னார்: "நீங்க சொல்றேன்னீங்களேம்மா. நான் போன நேரம் பாத்து நீங்க கூப்பிட்டுட்டா?"

அவர் காவல் காத்திருக்கிறார். நான்தான் அவரை நிறுத்திவைத்தேன்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகளில், சத்தத்தைப் பற்றிய அத்தியாயத்தில், உடல் அலுப்பைவிட நிச்சயமின்மையும் காத்திருப்பும் நோயாளியை அதிகமாகக் கெடுக்கும் என்ற கருத்தைச் சொல்கிறார். கல்லூரியில் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுத்தோம். அந்த வரி மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வரவேயில்லை. நோயாளிக்குச் சொன்னது வெளியே பெஞ்சில் இருப்பவருக்கும் பொருந்தும் என்பதை அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: நர்ஸுக்கே தெரியாதே, என்ன சொல்ல முடியும்? உண்மைதான். நோயாளி பிழைப்பாரா என்று நான் சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல நேரம் அவருக்கும் தெரியாது. ஆனால் நாம் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். விடை வேறு, வாக்கு வேறு. விடை என் கையில் இல்லாமல் இருக்கலாம். எப்போது வந்து பேசுவேன் என்பது என் கையில்தான் இருக்கிறது. கல்லூரிக்கும் அதுதான். யார் விலகுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. 'இந்தத் தேதி வரைக்கும் கூப்பிடாட்டி வேற இடம் பாத்துக்கங்க' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு யாருக்கும் தெரியாத எதிர்காலம் தேவையில்லை, ஒரு காலண்டர் போதும்.

இப்போது நான் இப்படிச் சொல்கிறேன்: "எனக்குத் தெரியலய்யா. ஆனா நாலு மணிக்கு வெளிய வந்து உங்களப் பாப்பேன். சொல்ல ஒண்ணும் இல்லாட்டியும் வருவேன். நடுவுல ஏதாவதுன்னா போன்ல கூப்பிடுவோம். நீங்க போய் சாப்பிட்டு வாங்க."

எப்போதும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒருநாள் நாலு மணி ஐந்தரை ஆகிவிட்டது, உள்ளே ஒருவருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது ஒரு பையன், என் தம்பி வயசு இருக்கும், கத்தினான். "நாலு மணின்னுதானே சொன்னீங்க?" செக்யூரிட்டி ஓடி வந்தார். நான் அவரைப் போகச் சொன்னேன். சொன்னது நான், தவறியதும் நான். கத்துவதற்கு அவனிடம் ஒரு நேரம் இருந்தது.

அவன் கத்தி முடிக்கும் வரை நின்றேன். பிறகு, "இன்னும் எதுவும் தெரியலப்பா" என்றேன். "அடுத்து எட்டு மணிக்கு வர்றேன்."

அவன் போனை எடுத்து மணி பார்த்தான். அப்புறம் டீ குடிக்கப் போனான்.