மழை நாளில் நடத்தலும் நிற்றலும்



ஆஷாட மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியன்று நம் முனிவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து வர்ஷாயோகம் பூணுகின்றனர். பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய தீபாவளி நாளையொட்டி அந்நோன்பு நிறைவெய்துகிறது. இதன் காரணத்தை நாமெல்லாரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மழை விழுந்ததும் பாதையெல்லாம் உயிராகிவிடுகிறது. புல் முளைக்கிறது, பாசி படர்கிறது, ஈரறிவுடைய மண்புழுவும் நத்தையும், மூவறிவுடைய எறும்பும், ஈசலும் வழியெங்கும் நிறைகின்றன. நான்கு முழம் முன்னோக்கி அடிவைக்கும் ஈரியா சமிதி உடையார்க்கும் அடிவைக்க இடமிராது. ஆகவே நடப்பதை நிறுத்தினர்.

ஆனால் கொங்கு நாட்டில் வாழும் நம்மவர்க்கு இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பே. இந்நோன்பின் கால அளவு மகத நாட்டு மழையைத் தழுவியது. திருப்பூர்ப் பக்கத்தில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுத்தான் வீசுகிறது. தூறல் விழுந்தால் உண்டு. அடைமழை பொழிவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். நோன்பு முடிந்த பின்னரன்றோ நமக்கு மழை தொடங்குகிறது! நம் முன்னோர் இதனை நோக்காதவரல்லர். மழை மிகுதியானாலும், நூல் பயில வேண்டியிருந்தாலும், உடல் தளர்ந்தாலும், பிற முனிவர்க்குத் தொண்டு செய்ய நேர்ந்தாலும் முனிவர் மேலும் சில நாள் தங்கலாம் என்று பழைய உரைகள் இடந்தந்துள்ளன. நாள்காட்டியைவிட உயிர்களே அவர்கள் கண்முன் நின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் அடியேன் திருப்பூரினின்று ஊத்துக்குளி வழியாக விசயமங்கலம் சென்றேன். தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்ற தொழிலாளர் பலர் திரும்பியிருக்கவில்லை. பனியன் கம்பெனிகள் பல ஓசையற்றிருந்தன. பேருந்தில் இருக்கைகள் காலியாயிருந்தன. நெட்டைக் கோபுரம் என்று ஊரார் வழங்கும் சந்திரப்பிரபர் கோயிலில் அன்று அடியேனையும் உடன் வந்த இளைஞரையும் தவிர எவருமில்லை. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊர் அது. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் சீனாபுரமும் அண்மையிலேயே உள்ளது. கோயில் முற்றத்தில் நீர் தேங்கி, அதில் சிறு தவளைகள் குதித்துக்கொண்டிருந்தமையால் வலம் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. மழைக்காலத்தில் யாத்திரை போகலாமா என்று கேட்போருக்கு அடியேன் கூறுவது இதுதான்: போகலாம், மெல்லப் போங்கள். இல்லறத்தார்க்கு வர்ஷாயோகம் விதிக்கப்படவில்லை. திசை விரதம் உண்டு. இத்திசையில் இவ்வளவு தொலைவு என்று நாமே எல்லை வகுத்துக்கொள்வது. அவ்வெல்லைக்கு அப்பால் நம்மால் நிகழக்கூடிய கொலையும் பொய்யும் அற்றுப்போகின்றன. மழை மாதங்களில் அவ்வெல்லையைச் சற்றுக் குறுக்கிக்கொள்வது நன்று.

உடன் வந்த இளைஞர் வந்தவாசிப் பக்கத்தவர். சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். திரும்புகையில் அவர் ஒன்று கேட்டார்.

“ஐயா, முனிவர்கள் மழையில் நடவாமல் உயிர்களைக் காக்கிறார்கள். எங்கள் பட்டறையில் மழைக்காகவே காத்திருந்தார்கள். நொய்யலில் வெள்ளம் வந்த இரவில் தொட்டியின் அடைப்பைத் திறந்து சாயநீரை விட்டார்கள். நான் திறக்கவில்லை. மறுநாளே விடுப்பெடுத்து ஊருக்குப் போய்விட்டேன். எனக்கு இதில் பங்குண்டா?”

அடியேன் உடனே விடை கூறவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-இல் அணை எழுந்தது. உழவர்க்கு உதவ வேண்டிய அந்நீர்த்தேக்கம் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உழவர்கள் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர், ஒரு சொட்டும் வெளிவிடாமல் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவோம் என்ற ஏற்பாட்டின்மேல்தான் அவை மறுபடி இயங்கின. அது செலவு மிக்க வழி. உப்பைப் பிரித்து நீரைக் காய்ச்சி எடுக்க வேண்டும். மழை வெள்ளமோ செலவின்றிக் கொண்டுபோய்விடுகிறது.

நம் ஆகமம் இம்சையை நால்வகையாக்குகிறது. சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றால் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புத் தொழிலால் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. எண்ணித் துணிந்து செய்வது சங்கற்ப இம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தார் கவனத்தோடு குறைத்துக்கொள்ளலாம். நான்காவதை முற்றும் விடவேண்டும். துணிக்குச் சாயமேற்றுதல் உத்தியோகம். மழைக்காகக் காத்திருந்து அடைப்பைத் திறப்பதை உத்தியோகம் என்று எவ்வாறு கூறுவது? நீரையே உடலாகக் கொண்ட அப்புகாய உயிர்கள் முதல் மீன் வரையிலும், அந்நீரைக் குடிக்கும் கறவையும் அறிந்தே கைவிடப்படுகின்றன.

இதனைக் கூறியபின், செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றையும் அவருக்கு நினைவூட்டினேன்.

“நான் உடன்படவில்லையே” என்றார்.

“மறுத்துச் சொன்னீரா, தம்பி?”

பேருந்து ஊத்துக்குளி வந்து சேரும்வரை அவர் சன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தங்கையின் திருமணக் கடன் இருந்தது அடியேனுக்குத் தெரியும். வேலையை விட்டுவிடும் என்று சொல்ல நா எழவில்லை. இன்றும் அது சரியென்று துணியமாட்டேன்.

சென்ற ஐப்பசியில் அவரிடமிருந்து மடல் வந்தது. அதே பட்டறைதான். மழைக்கால இரவுகளில் தொட்டியின் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றிருக்கிறார். சாவி தம்மிடமே இருக்கவேண்டுமென்று முதலாளியிடம் கூறியிருக்கிறார். முதலாளி இரண்டு நாள் பேசவில்லையாம்; பிறகு கொடுத்துவிட்டாராம். கார்த்திகை முடியும்வரை திருப்பூர் எல்லையைக் கடப்பதில்லை என்று திசை விரதம் எடுத்துக்கொண்டதாகவும், ஆதலால் இம்முறை ஊருக்கு வர இயலாதென்று தாயாரிடம் கூறிவிடுமாறும் எழுதியிருந்தார்.