வெளிச்சுவரின் பாக்கி

சுண்ணாம்பு அடிப்பதற்குப் பொதுக்குழு கூட்டியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மார்கழிக் கடைசியில், போகிக்கு முன்னால், கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்கவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நுனி நசுக்கிய பனைமட்டையால் அடித்து முடித்துவிடுவார்கள். மழைக்காலப் பாசி அதோடு போகும். திட்டுத் திட்டாக வந்திருந்தாலும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை, அடுத்த வருஷம் மறுபடி அடிக்கத்தானே போகிறோம். செலவு கொஞ்சம், ஆயுளும் கொஞ்சம். முக்கியமாக, வீடு ஒருவருடையது. பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பில் மஞ்சள் கலந்தால் அது அவர் பாடு.

சென்னையில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகளை இடித்து, அதே மனையில் எட்டு வீடு, பன்னிரண்டு வீடு என்று கட்டியபோது இந்தச் சௌகரியங்கள் எல்லாம் ஒருசேரப் போயின. சுவர் எல்லோருக்கும் பொதுவாயிற்று. சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்தது. ஐந்து வருஷம், ஏழு வருஷம், பத்து வருஷம் என்று வாரன்ட்டி எழுதிக் கொடுக்கிறார்கள், செலவு லட்சங்களில் நிற்கிறது. வருஷத்துக்கொரு முறை கை தன்னால் செய்த வேலை, பல வருஷத்துக்கொரு முறை பத்துப் பேர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய காரியமாயிற்று. பூச்சின் ஆயுள் கூடியதுதான் சண்டையின் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெயின்ட் அடிக்கும் கூட்டமென்றால் முதல் அரை மணி நேரம் நிறத்துக்குப் போய்விடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை என்றால் ஆஸ்பத்திரி, மஞ்சள் என்றால் அம்மன் கோயில், கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் வந்தால் கட்சி ஆபீஸ். ஒருவருக்கு வாஸ்து, இன்னொருவருக்கு ‘ரிச் லுக்’. கடைசியில் சந்தனத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று தேறும். யாருக்கும் பிடித்து அல்ல, எதிர்க்க ஆளில்லாமல் தேறும். தெருவுக்குத் தெரு அந்த நிறத்தில் கட்டடங்கள் நிற்பதைப் பார்த்தால் எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

கொட்டேஷன்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் குரல் உயரும். மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது சங்கங்களின் எழுதாத விதி. அந்த மூன்றும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் தொல்லை. ஒருவர் சதுர அடி ரேட்டைக் குறைத்துப் போட்டுவிட்டு, ஜன்னல், பால்கனித் திறப்பு எல்லாவற்றையும் சுவராகவே அளந்திருப்பார். இன்னொருவர் திறப்புகளைக் கழித்துக்கொண்டு ரேட்டை ஏற்றியிருப்பார். பழைய பூச்சைச் சுரண்டுவது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, விரிசல் அடைப்பது, பட்டி பார்ப்பது, பிரைமர் ஒரு கோட், மேலே இரண்டு கோட் என்று ஒருவர் வரிசையாக எழுதியிருக்க, மற்றவர் ‘விரிசல் வேலை ஆக்சுவல்படி’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்பது சாரம் கட்டி மேலே ஏறினால்தான் தெரியும். கமிட்டி விலை குறைந்தவரை விட்டு நடுவில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால் போதும், மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும்: ‘செக்ரட்டரிக்கு எவ்வளவு?’

செக்ரட்டரி என்பவர் பெரும்பாலும் பாங்கிலோ அரசுத் துறையிலோ ஓய்வு பெற்றவர். தண்ணீர் லாரிக்குப் போன் செய்வது, லிஃப்ட் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது, வாட்ச்மேன் வராத நாளில் கேட்டைப் பூட்டுவது என எல்லாம் அவர் தலையில்தான். சம்பளம் கிடையாது. சம்பளமில்லாமல் உழைக்கிறவரை நம் ஊரில் எளிதில் நம்ப மாட்டோம், ஏதும் கிடைக்காமல் ஏன் செய்கிறார் என்ற கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவர்களை அற்பர்கள் என்று தள்ளவும் நான் தயாரில்லை. கமிஷன் என்பது இந்தத் தொழிலில் இல்லாத சங்கதியல்ல. வேலையை முதலில் சங்கமே எழுதி, எழுதியதற்கு மட்டும் விலை கேட்டு, அளவை எல்லோர் முன்னிலும் எடுத்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். கூட்டத்தில் அதிகம் கத்துகிறவரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வது நல்ல வழி. சில சங்கங்கள் செய்கின்றன. பல செக்ரட்டரிகளுக்கு ரோஷம் வந்துவிடும், ‘என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சாவியை மேஜையில் வைத்துவிடுவார்கள். சாவியை எடுக்க யாரும் எழுந்திருப்பதில்லை. அடுத்த வாரம் அவரே மறுபடி செக்ரட்டரி.

பிறகு பங்குப் பிரச்சினை. 600 சதுர அடிக்காரர் சதுர அடிப்படி என்பார், 1,500 சதுர அடிக்காரர் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் போடு என்பார். இதில் நியாயம் ஒரு பக்கம் சற்றுத் தெளிவாகவே இருக்கிறது. வெளிச்சுவர் பொதுச்சொத்து, பொதுச்சொத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கு பத்திரத்திலேயே யுடிஎஸ் என்று எழுதப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி பராமரிப்புச் செலவை அந்தப் பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில்தான் வசூலிக்க வேண்டும், வீட்டுக்குச் சமமாக அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றமும் 2025இல் புனே வளாகம் ஒன்றின் வழக்கில் சொன்னது. அங்கே போய்த் தீர்ப்பு வாங்கும் அளவுக்கு இது முற்றியது என்பதே கவனிக்க வேண்டியது.

நிறம், கமிஷன், சதுர அடி மூன்றையும் தாண்டி உட்கார்ந்திருந்தால் உண்மையான தடை மெல்ல வெளியே வரும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொல்வார்: ‘வாடகைக்கு விட்டிருக்கேன் சார், குடியிருக்கிறவங்க ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே.’ இரண்டாம் மாடிக்காரர் வீட்டை விற்கப் போகிறார், அதை வாய்விட்டுச் சொல்லாமல் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார். சில சமயம் இதற்கு நேர்மாறாக, விற்பதற்காகவே ‘சீக்கிரம் அடிங்க, ஒரு கோட் போதும்’ என்பார். புதிதாகக் கடன் வாங்கி வந்த இளம் தம்பதிக்கு இந்த மாதம் இஎம்ஐ போக மிச்சம் இல்லை. தரைத்தளத்தில், கணவர் போன பிறகு குடும்பப் பென்ஷனில் தனியாக இருக்கும் மாமி ஒருத்தர்தான் மனதில் உள்ளதை அப்படியே சொல்வார்: “எனக்கு எழுபத்தெட்டு ஆறது. ஏழு வருஷ வாரன்ட்டியை வெச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன், சொல்லுங்கோ?”

இதற்கு எந்தக் கமிட்டியாலும் பதில் சொல்ல முடிவதில்லை. அவர் கேட்டதைத்தான் மற்றவர்களும் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் இங்கே இருக்கப் போகிறேன்? இருக்கப் போகிற நாளுக்குத்தானே நான் கொடுக்க வேண்டும்? எதிர்காலம் ஆளுக்கொரு நீளம். அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே எதிர்காலத்தை ஒரே விலைக்கு வாங்க வேண்டும் என்றால் தகராறு வராமல் என்ன செய்யும்?

கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பெயின்ட் என்பது வரப்போகும் வருஷங்களுக்காக வாங்கும் பொருள் என்று அது முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. சுவரிடம் போய் நின்றால் அந்த எண்ணம் நிற்காது.

ஏழெட்டு வருஷமான வெளிச்சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டிக்கொள்ளும். வெயிலின் புற ஊதாக் கதிர் பெயின்ட்டில் உள்ள பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிட, பிடிப்பில்லாத நிறமித் தூள் மட்டும் மேலே நிற்கிறது. அதுதான் அந்த மாவு. அதற்குப் பிறகு பூச்சு நீரைத் தடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை மயிரிழை விரிசல்களில் இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் உப்பும் கூடவே போகும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றின் கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைக்கிறது, உப்பு அந்தக் காப்பை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சன்ஷேடு உப்பும், காரை பெயரும், ஒருநாள் கீழே நிற்கும் ஸ்கூட்டர் மேல் ஒரு கட்டி விழும். அப்போது கூட்டம் கூட்டினால் அது பெயின்ட் கூட்டமாக இருக்காது.

(பக்கக் குறிப்பாக ஒன்று: ‘தீபாவளிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்’ என்று ஐப்பசி மழையில் பெயின்ட் அடிக்கும் கமிட்டிகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளம்தான் வரும். தை பிறந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின் ஆரம்பிப்பதே முறை. சுண்ணாம்பு அடித்தவர்கள் பொங்கலையொட்டி அடித்ததும் மழை ஓய்ந்த பிறகுதான்.)

அப்படியானால், கையில் ஒட்டும் அந்த மாவு என்ன? இங்கே குடியிருந்த வருஷங்கள் அவை. நாம் உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு சித்திரைக்கும் வெளியே சுவர் தன் தோலிலிருந்து கொடுத்திருக்கிறது. பழைய பூச்சை நாம் தின்று தீர்த்துவிட்டோம். இப்போது கேட்கப்படும் பணம் அந்தச் சாப்பாட்டுக்கான பில். இனி சாப்பிடப் போவதில்லை என்பது, சாப்பிட்டதற்குப் பணம் தராமலிருக்கக் காரணமாகாது. விற்றுவிட்டுப் போகிறவரும், வாடகை வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவரும், மாமியும் எதிர்காலத்தால் வேறுபட்டவர்கள். கடந்துபோன ஏழு வருஷத்தில் எல்லோரும் ஒன்று. மாமியின் ஏழு வருஷம் அவருக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது.

இதைப் போய் அவரிடம் சொல்வது கொடுமை என்றும் எனக்குத் தெரியும். ஏனென்றால் பில் ஒரே நாளில் வருகிறது. பேச்சுக்கு ஒரு பங்கு 42,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன்காரருக்கு அது இடி. அதையே ஏழு வருஷத்தில், 84 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. வலித்திருக்காது. அந்த 500ஐ அன்றைக்கே ஏன் யாரும் வாங்கவில்லை? ‘எங்க ஃப்ளாட்டில மெயின்டனன்ஸ் ரொம்பக் கம்மி’ என்று சொல்லிக்கொள்வதில் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்ததால். மாதக் கட்டணத்தை ஏற்றாமல் மூன்று வருஷம் ஓட்டிய கமிட்டிக்குச் சால்வை போடுகிறோம். அது தள்ளி வைத்த பில்லை எடுத்துவந்து நீட்டும் கமிட்டியைத் திருடன் என்கிறோம். சால்வை வாங்கியவர்தான் பல இடங்களில் பெயின்ட் கூட்டத்தில் முதல் எதிர்ப்பாளராக எழுந்து நிற்பார்.

சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு நகர மன்றங்கள் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பூச்சு அடிக்கின்றன. குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி இப்படிச் சுற்றுமுறையில் வரும் வேலைகளுக்கென்று ஒதுக்கு நிதியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கலாமா வேண்டாமா என்று அங்கே கேட்பதில்லை, என்ன நிறம் என்று வேண்டுமானால் கேட்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்ற வழக்கு இருக்கிறது. பிந்திப் போவதுண்டு, பணத்துக்கு அலைவதுண்டு. ஆனால் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருகிறவரிடம், அடுத்த குடமுழுக்குவரை நான் இருப்பேனா என்று கணக்குப் போட்டு யாரும் கொடுப்பதில்லை. அதே ஆள் தன் குடியிருப்பின் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் போடுகிறார். நாட்காட்டி சொல்கிற வேலையைச் செய்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் ஏன் என்று கேட்கிறோம்.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் நடைமுறையில் எல்லாச் சொந்தக்காரர்களின் கையெழுத்தும் தேவைப்பட்டது. ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அதன் பிறகு சில கூட்டங்களில் ஒரு புதுக் குரல் கேட்கிறது: ‘எப்படியும் இடிக்கத்தானே போறோம், எதுக்கு பெயின்ட்?’ பில்டர் யாரும் இன்னும் கதவைத் தட்டியிருக்க மாட்டார். தட்டினாலும் பேசி முடிக்க வருஷங்கள் ஆகும், அதுவரை மழை பெய்யும். தள்ளிப்போடுவதற்கு இத்தனை கம்பீரமான காரணம் இதற்குமுன் வாய்த்ததில்லை.

சென்ற மாதம்தான் வீடு வாங்கி வந்தவருக்கு என்ன பதில் என்று கேட்கலாம். அவர் அந்தச் சுவரின் கீழ் ஒரு மழையைக்கூடக் கழிக்கவில்லை, பில் மட்டும் முழுதாக அவர் பெயருக்கு வருகிறது. அநியாயம்தான். விற்றவர் கழித்த வருஷங்களுக்கான பணம் விலையிலேயே குறைந்திருக்க வேண்டும். குறைந்திருக்காது, வாங்குகிறவர் கேட்டிருக்க மாட்டார். பத்திரத்தைப் பார்ப்பார், பட்டா பார்ப்பார், யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று வக்கீலிடம் மூன்று முறை கேட்பார், தண்ணீர் உப்பா என்று குழாயைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெளிச்சுவருக்குக் கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தார்கள், சங்கத்தின் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்பதில்லை. முப்பது வருஷத்துக்குப் போட்டு எடுக்கும் வில்லங்கச் சான்றிதழிலும் அந்தக் கடன் வருவதில்லை.