விபீஷணாழ்வானைக் கண்ட கண்கள்

நான்கு ராக்ஷஸர்களுடன் இலங்கையை விட்டுப் புறப்பட்ட விபீஷணாழ்வான், கடலின் வடகரையை அடைந்து, ஆகாயத்தில் நின்றபடியே தம்மை அறிவித்துக்கொண்டார். தாம் ராவணனுடைய தம்பி என்பதை அவர் மறைக்கவில்லை. அவனால் அவமதிக்கப்பட்டதையும், பெண்டு பிள்ளைகளை விட்டுப் பெருமாளைச் சரணம் பற்ற வந்ததையும் விண்ணப்பித்தார். கேட்டவர்கள் அனைவரும் கேட்ட வார்த்தை ஒன்றே. கண்ட உருவமும் ஒன்றே. அபிப்ராயங்களோ பல.

அங்கதன் பரீக்ஷிக்க வேண்டும் என்றான். சரபன் ஒற்றனை அனுப்பச் சொன்னான். ஜாம்பவான், வரத்தகாத தேசத்தில் வரத்தகாத காலத்தில் வந்தவன் ஆகையால் ஐயுறத்தக்கவன் என்று முடிவு கட்டினார். திருவடியோ, தேசமும் காலமும் இவருக்குத் தக்கவையே என்றார். ராவணனிடம் தோஷத்தையும் பெருமாளிடம் குணத்தையும் கண்டறிந்தவர் வருவதற்கு இதைவிட ஏற்ற வேளை ஏது? முகம் தெளிந்திருக்கிறது, பேச்சில் கள்ளம் தெரியவில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஒருவர் குற்றத்துக்கு ஸாக்ஷியாகக் கொண்டதையே மற்றொருவர் நேர்மைக்கு ஸாக்ஷியாகக் கொண்டார்!

இவர்களுள் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பவர் ஸுக்ரீவ மஹாராஜர். ஆபத்தில் அண்ணனைக் கைவிட்டவன் வேறு யாரைத்தான் கைவிட மாட்டான் என்பது அவர் வாதம். இதைச் சொல்பவர் யார்? தாமும் அண்ணனுக்கு அஞ்சி ஓடி வந்து, அவனை முடித்துத் தரும்படி பெருமாளையே வேண்டிக்கொண்டவர். பம்பைக் கரையில் பெருமாளையும் இளையபெருமாளையும் முதலில் கண்டபோதும், வாலி அனுப்பிய ஆட்கள் என்றே அவர் நடுங்கினார். வாலியிடம் பட்ட அச்சம் கண்ணில் தங்கிவிட்டது; வருகிறவர் எவரும் அந்த அச்சத்தின் நிறத்திலேயே தெரிந்தனர். பெருமாளுக்கு என்ன நேருமோ என்ற பரிவினால் அவர் தடுத்தார் என்று நம் பூர்வர்கள் நிர்வஹிப்பர். அதுவும் உண்மையே. பரிவும் பார்வையை மறைக்கக்கூடும் என்பதை நாம் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெருமாள் இந்த வாதங்களுக்குள் தீர்ப்புச் சொல்லவில்லை. வந்தவரிடம் தோஷமே இருந்தாலும் விடுவதில்லை என்றார். அவரை அழைத்துவரும்படி நியமித்ததும் ஸுக்ரீவ மஹாராஜரையே. அதற்குள் மஹாராஜரின் நெஞ்சும் தெளிந்து, விபீஷணன் நமக்கு ஒப்பானவனாகட்டும் என்று தாமே சொல்லும்படி ஆயிற்று.

ஆனால் நற்பார்வை ஒருமுறை வாய்த்தால் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. விபீஷணாழ்வானிடம் குணமே கண்ட அதே திருவடி, யுத்தம் முடிந்தபின் அசோகவனத்தில், பிராட்டியைத் துன்புறுத்திய ராக்ஷஸிகளைக் கொல்ல அனுமதி வேண்டி நின்றார். அங்கே அவருக்குக் குற்றம் மட்டுமே தெரிந்தது. அரசன் ஏவியதைச் செய்தவர்கள் என்று பத்து மாதம் அவர்களிடையே சிறையிருந்த பிராட்டி சொல்ல வேண்டியிருந்தது.

திருவாய்மொழியில் 3-ஆம் பத்தின் 7-ஆம் பதிகத்தை நாம் எத்தனையோ முறை ஸேவித்திருக்கிறோம். எப்பிறப்பினராயினும் அடியாரே தமக்கு ஸ்வாமிகள் என்று ஆழ்வார் அறுதியிடும் பதிகம் அது. ஒரு மார்கழிக் காலையில் அதை ஸேவித்த கோஷ்டியில், புதிதாக வந்த இளைஞர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். நெற்றியில் திருமண்காப்பு இல்லை. கையில் கைபேசி, கண்ணை அதிலிருந்து எடுக்கவேயில்லை. தகாத இடத்தில் தகாத காரியம் என்று ஜாம்பவானைப் போலவே நாமும் முடிவு கட்டினோம். பாசுரத்தில் நெஞ்சு செல்லாமல் அவர்மேலேயே சென்றது. சாற்றுமறை ஆனபின் அவர் நம்மிடம் வந்து கைபேசியை நீட்டினார். அதில் பாசுரம் ஆங்கில எழுத்தில் இருந்தது. அயல்நாட்டில் வளர்ந்தவராம், தமிழ் எழுத்துத் தெரியாதாம். ஒரு சொல்லைக் காட்டி, இங்கே வருவது ழகரமா ளகரமா என்று கேட்டார்.

ழகரம் என்றோம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை.