மயக்கத்தில் பிறக்கும் சொல்

குறிஞ்சிப்பாடியில் இடுப்பெலும்பு முறிந்த முதியவரைச் சிதம்பரத்தில் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ப்பதாகக் கொள்வோம். இரண்டொரு நாளில் அவர் பெற்ற மகனையே கள்வனென ஏசக்கூடும். இச்சித்தக் குழப்பத்தை மருத்துவர் 'டெலிரியம்' என்பர். குருதியில் இன்டர்லூகின்-6, நியூரோஃபிலமென்ட் போன்ற புரதங்கள் மிகுந்தோர்க்கு இவ்வபாயம் கூடுதலென ஆய்வுகள் காட்டினும், இன்னார்க்கு வருமென அவை அறுதியிட்டு உரைப்பதில்லை. முதுமையும் முன்பிருந்த மறதியுமே இன்றும் பெரிய முன்னறிகுறிகள்.

இதனை அவரிடம் முன்னரே சொல்வதா? அச்சுறுத்தலும் இம்சையன்றோ என வினவுவர். யான் உடன்படேன். அறிவு தெளிந்திருக்கும்போதே தம் நோன்பையும் விருப்பையும் அவர் கூறிவிடலாம். மறைத்தால் அவ்வாய்ப்பைப் பறித்தவராவோம். குழம்பிய மூளையின் வசையில் கஷாயத்தைத் தேடுவதும் தகாது.

மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் வீட்டில் விட்டுச் செல்லாதீர். இரவில் நன்கு உறங்க விடுங்கள். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சை பெற்ற முதியோரிடை 15 விழுக்காடாயிருந்த இக்குழப்பம், இத்தகைய பேணலும் பெற்றோரிடை 9.9 ஆக இருந்தது.