சோதனைக்கு ஒரு சாட்சி வேண்டுமா?

கொற்கையில் நின்று கொண்டு கப்பல் பிரயாணத்தைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கையாகத் தான் இருக்கும். பாண்டியர்களின் துறைமுகமாய், முத்துக்குப் பெயர் பெற்ற பட்டினமாய் விளங்கிய இவ்வூரை விட்டுக் கடல் விலகிப் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகி விட்டன. தாமிரபரணி கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண் தூர்த்து விட்டதால், இன்று ஊருக்கும் கடலுக்கும் இடையே பல கிலோமீட்டர் தூரம். மரக்கலங்கள் நின்ற பக்கமெல்லாம் இப்போது வாழையும் நெல்லும் நிற்கின்றன. அந்த ஊரின் பழைய வன்னி மரத்துக்கருகே தான், வாழைத் தோட்டக் குத்தகை விஷயமாக வந்திருந்த காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கொற்கையை அடுத்த ஊர்க்காரர்களாகிய நாம், அவருக்குத் துணையாகப் போயிருந்தோம்.

பெரியவரின் மகன் அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறார். 2022ஆம் ஆண்டு பெரியவரும் அவருடைய துணைவியாரும் அங்கே சென்றிருந்த போது, எல்லோரும் சேர்ந்து ஐந்து நாள் உல்லாசக் கப்பலில் போய் வர ஏற்பாடாயிற்று. குழந்தைகள் உட்பட ஏழு பேர். கப்பலில் ஏறுவதற்கு முன்பு கொரோனா இல்லை என்று ஒவ்வொருவரும் சோதித்துச் சான்று காட்ட வேண்டும். வீட்டிலேயே சோதித்துக் கொள்ளலாம். ஆனால் தாமாகச் சோதித்துக் கொண்டது செல்லாது. கைப்பேசியின் திரையில் ஒருவர் தோன்றி, உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லி, இரண்டு நாசியிலும் குச்சியைச் சுழற்றுவதைக் கண்ணால் கண்டு, பதினைந்து நிமிடம் கழித்து அட்டையைத் தாமே பார்த்து முடிவு சொல்வார். அதன் பிறகே சான்று வரும். அந்தக் காலத்தில் கப்பல் நிறுவனங்கள் பலவும் இவ்வாறு மேற்பார்வையில் செய்த சோதனையையே ஏற்றுக் கொண்டன.

பெரியவர் கேட்டது இது தான்: "தம்பி, அல்லாஹ் பாக்குறான்னு நம்புறவன் நான். என் மூக்குல நானே குச்சிய விட்டுட்டுப் பொய் சொல்லிடுவேன்னு, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணக் காவலுக்கு வச்சிருக்காங்களே, இது ஒரு முஃமினுக்கு இழுக்கு இல்லையா?"

அன்று நாம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே சரி. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பெரியவருடைய மனவருத்தத்தை அற்பமானது என்று நாம் தள்ளி விடலாகாது. நம் கடற்கரை மக்களின் நினைவில் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. தோட்ட வேலைக்கென்று இலங்கைக்குப் புறப்பட்ட ஏழை எளியவர்களை, தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசாங்கத்தின் முகாம்களில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். பிளேக்கும் காலராவும் கப்பலேறி விடக் கூடாது என்பது தான் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டவன் தன் வாயால் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனை யாரும் கேட்கவுமில்லை. மூட்டைகளோடு மூட்டையாக அவனும் பரிசோதிக்கப்பட்டான். ஹஜ்ஜுக்குச் சென்ற நம் முன்னோர்களும் செங்கடலில் கமரான் தீவில் இறங்கித் தனிமையில் இருந்து விட்டுத் தான் ஜித்தாவைப் பார்த்தார்கள். 1882 முதல் அங்கே அதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது.

ஆனால் திரையில் தோன்றிய பெண்மணி அத்தகைய காவலர் தானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் யாரையும் தொடவில்லை, பிடித்து வைக்கவில்லை. அவர் செய்த வேலைக்கு நம்முடைய ஷரீஅத்தில் பழகிய பெயர் ஒன்று உண்டு. அது சாட்சி.

ஒரு மனிதன் தனக்கு ஆதாயமான காரியத்தில் தானே சாட்சியாக நிற்க முடியாது. தந்தை மகனுக்காகவும் மகன் தந்தைக்காகவும் சொல்லும் சாட்சியைக் கூட ஃபிக்ஹு சட்ட மேதைகளில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அதனால் அவர்கள் உலகத்துத் தந்தைமார்களையெல்லாம் பொய்யர்கள் என்று கூறி விட்டார்களா? இல்லை. பாசம் கண்ணை மறைக்கும் என்பதை அறிந்து, அந்தப் பாரத்தைத் தந்தையின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள். ஆறு வயதுப் பேரனின் சோதனை அட்டையை அவனுடைய தாய் பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பெட்டிகளெல்லாம் கட்டியாகி விட்டன. கட்டிய பணம் திரும்பி வருமோ வராதோ தெரியாது. ஊரிலிருந்து வந்த மாமனாரும் மாமியாரும் அடுத்த வருஷம் வருவார்களா என்பதும் தெரியாது. பையன் வேறு கப்பலின் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக் கொண்டு தூங்குகிறான். அந்த அட்டையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், அது கோடா நிழலா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அந்தத் தாயிடம் கொடுப்பது தான் கருணையா? நமக்கு அப்படித் தோன்றவில்லை.

மேலும், அந்தக் கோடு அவர்கள் ஏழு பேரின் சொந்த விஷயமும் அன்று. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்கு நோய் தொற்றியது. கப்பலென்பது கதவைச் சாத்திய ஓர் ஊர். அங்கே ஒருவர் விடும் மூச்சை மற்றவர்கள் வாங்கித் தானாக வேண்டும். சோதனை தவறாகிப் போவதும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலில் 83 வயது முதியவர் ஒருவருக்கு நோய் இருப்பதாக முடிவு வந்தது. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது. மறுபடியும் சோதித்த போது அவருக்கு நோயே இல்லை என்றாயிற்று. ஆயிரக்கணக்கானோரின் பிரயாணம் பாழ். ஆனாலும் அம்முதியவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வயிற்றுக் கோளாறென்று அவர் தாமாகவே கப்பலின் வைத்தியரிடம் போனவர்.

சோதனையும் தடுப்பும் தவக்குலுக்கு மாற்றமானவை என்று வாதாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸர்கு என்னும் இடத்தில் நடந்ததை நினைவுபடுத்தினால் போதும். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கி வந்து கொண்டிருந்த போது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. ஆலோசனை செய்து திரும்பி விடத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், விதியிலிருந்து விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் மறுமொழி சொன்னதும் நம் மஜ்லிஸ்களில் அடிக்கடி கேட்கும் செய்தி தான். கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் போக வேண்டாம், அவ்வூரில் இருப்பவர்கள் தப்பியோட எண்ணி வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள்.

அடிக்கடி கேட்கும் அச்செய்தியில் நாம் கவனிக்காமல் விட்டு விடும் ஓர் இடம் இருக்கிறது. கலீஃபாவிடம் நோயைப் பற்றிச் சொன்னது யார்? ஒற்றர்கள் அல்ல. ஷாமின் தளபதிகளே எதிர்கொண்டு வந்து சொன்னார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். தம் பொறுப்பில் உள்ள நாட்டுக்குக் கலீஃபா வருகிறார். வரவேற்கும் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த வேளையில் தம் நாட்டின் குறையைத் தம் வாயாலேயே சொன்னார்கள். திரும்பிப் போவதை மறுத்துப் பேசிய அபூ உபைதா (ரலி) அவர்கள் கூட, நோயை மறைத்துப் பேசவில்லை. பின்னர் அதே அம்வாஸ் கொள்ளை நோயில் தான் அவர்கள் வஃபாத்தானார்கள்.

2022இல் ஹஜ்ஜுக்குச் சென்றவர்களுக்கும் இந்தச் சோதனை இருந்தது. அவ்வாண்டு பத்து லட்சம் பேர் என்று வரம்பு கட்டி, 65 வயதுக்கு உட்பட்டவர்களாகவும் தடுப்பூசி போட்டவர்களாகவும் இருக்க வேண்டும் என்றும், வெளிநாட்டிலிருந்து வருவோர் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பி.சி.ஆர். சோதனை செய்திருக்க வேண்டும் என்றும் சவூதி அரசாங்கம் விதித்தது. தமிழகத்து ஹாஜிகள் அவ்வருஷம் கொச்சிக்குப் போய் விமானம் ஏறினார்கள். வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து, எல்லோரிடமும் ஸலாம் சொல்லி விடைபெற்று வந்தவருக்கு, கடைசி மூன்று நாளில் ஒரு காகிதம் வழியை அடைத்து விடக்கூடும். உல்லாசக் கப்பலையும் ஹஜ்ஜையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆசை பெரிதாக ஆக, மறைக்கத் தூண்டும் நஃப்ஸும் பெரிதாகிறது என்று தான் சொல்கிறோம். தடுக்கப்பட்டவருக்கு நம் மார்க்கத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் இஹ்ராமோடு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் ஹுதைபிய்யாவிலேயே குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்து திரும்பவில்லையா?

ஆகவே, திரையில் சாட்சி வைத்தது இழுக்கல்ல என்பதே பெரியவருக்கு நம்முடைய பதில். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக் கொண்டால் அது நேர்மையாகாது. ஏனெனில் அந்தச் சாட்சி பார்த்தது கால் மணி நேரத்தைத் தான். சான்று கைக்கு வந்த அன்றிரவே பேரன் இருமினான் என்று பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஏ.ஸி. குளிர் என்று முடிவு செய்தார்களாம். மறுநாள் துறைமுகத்தில் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்ட தாளில் ஏழு பேருக்கும் சேர்த்து இல்லை என்று குறித்தார்களாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் குச்சியையும் அட்டையையும் பற்றி அவ்வளவு வருத்தப்பட்டவர், அந்தத் தாளைப் பற்றி வருத்தப்படவில்லை.

அதை அவரிடம் எடுத்துச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்கான காரணத்துக்கு இப்போது வருகிறோம்.

2022 ஜனவரியில் காயல்பட்டினத்தில் நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ். நூறு பேருக்கு மேல் கூடக் கூடாதென்று அரசாங்க உத்தரவு இருந்த சமயம். அந்த நூறில் நமக்கு இடம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் நமக்குத் தொண்டை கரகரப்பு. மருந்துக் கடையில் கோவிசெல்ஃப் பெட்டி ஒன்று வாங்கினோம். பூனாவிலுள்ள மைலாப் நிறுவனத்தின் தயாரிப்பு அது. வீட்டிலேயே சோதிக்க நம் நாட்டில் 2021 மே மாதத்தில் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது. அப்போது விலை 250 ரூபாய். முடிவைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. செயலியை நாம் இறக்கிக் கொள்ளவில்லை. பதினைந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் அது கணக்கில் சேராது. பதினைந்தாவது நிமிடம் ஒரு கோடு தான் இருந்தது. மனம் அமைதியாகவில்லை, திரும்பவும் எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது கோடு இருக்குமிடத்தில் ஏதோ மங்கலாக. கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம். மங்கலான கோடும் கோடு தான் என்று உள்ளே இருந்த தாள் கூறியது. இருபதை நெருங்கி விட்டது, இனிக் கணக்கில்லை என்று நாம் கூறிக் கொண்டோம்.

"ஏதாவது தெரியுதா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நிழல்" என்றோம்.

'நாம்' என்று எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழி பல பேருக்குப் பங்காகி விடும். ஆனால் அன்று அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு ஆள். அல்லாஹ் பார்க்கிறான் என்ற ஈமான் அந்த ஆளுக்கு அப்போதும் இருந்தது. ஓர் அந்நியப் பெண்மணி திரையில் இருந்திருந்தால் அவன் ஆத்தூர் தாண்டிப் பஸ்ஸில் போயிருக்க மாட்டான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நிக்காஹ் நடந்த வீட்டில் அடுத்த வாரம் மூன்று பேருக்குக் காய்ச்சல். அவர்களில் மாப்பிள்ளையின் வாப்பாவைப் பெற்ற மூதாட்டிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அது நம்மிடமிருந்து போனதா, வந்திருந்த மற்றவர்களிடமிருந்து போனதா என்று இந்த உலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. நிரூபணமாகாத தீங்குக்கு மாஃப் கேட்க வேண்டுமா? அடியார்களுக்குச் சேர வேண்டிய ஹக்கை அந்த அடியார் விட்டுக் கொடுத்தாலன்றிக் கழியாது என்பதைப் பல முறை இத்தகைய பக்கங்களில் வாசித்திருக்கிறோம். நமக்கென்று வந்த போது, உறுதியில்லாத விஷயத்தைச் சொல்லி மூதாட்டியின் மனதைக் கலக்குவானேன் என்று வேறொரு மஸ்அலாவைத் தேடிக் கொண்டோம்.

பெரியவரோடு பேசி விட்டு வந்த பிறகு தான் காயல்பட்டினத்துக்குப் போனோம். மூதாட்டி திண்ணையில் தஸ்பீஹும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னோம். கோடு, நிழல், பதினெட்டு நிமிடம், எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மாஃப் பண்ணிட்டேன் வாப்பா, அதுக்கென்ன" என்றார். பிறகு, "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கைப்புள்ளைய நான் தூக்காம இருந்திருப்பேன். எனக்கு அப்புறம் அதுக்குத் தான் காய்ச்சல் வந்துச்சு" என்றார்.

குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. அன்று அது வீட்டில் இல்லை.