மறதி குற்றமா?

நேற்றுக் கற்பித்த சொல்லை இன்று மாணவன் மறந்து நின்றால் ஆசிரியர்க்குச் சினம் எழுகிறது. கவனமில்லை என்கிறோம்; முயற்சியில்லை என்கிறோம். மறதியை ஒழுக்கக் குறையாகக் கொண்டு தீர்ப்பளித்தல் வகுப்பறையில் அன்றாட வழக்கமாகிவிட்டது. அத்தீர்ப்பு அறமாகுமா என ஆராய்தல் நம் கடனாகும்.

வள்ளுவரே பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்து மறதியைக் கடிந்துள்ளாரே எனச் சிலர் வினவலாம். அவர் கடிந்தது, களிப்பில் மூழ்கிக் கடமையில் சோர்தலை. கடமையைப் பொருட்படுத்தாது விடுதல் வேறு. கற்ற சொல் நினைவிலிருந்து தானே நழுவுதல் வேறு. முன்னது மனிதன் செயல். பின்னது மனத்தின் இயல்பு.

அவ்வியல்பை அளந்து காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை மனனம் செய்து, அவை மறக்கும் வேகத்தைக் கணக்கிட்டு, 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் மறதி மிக விரைந்து நிகழ்ந்தது. பின்னர் அதன் வேகம் தணிந்தது. ஆய்ந்தவரும் அவரே, ஆயப்பட்டவரும் அவரே. அவரினும் முயற்சியுடைய மாணவர் உண்டோ? அவரும் மறந்தார்! ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் அவர் கண்டார்.

பிற்காலத்தில் வளர்ந்த அறிதிறன் உளவியல் மற்றோர் உண்மையைச் சேர்த்தது. மனம் ஒரே வேளையில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ ஏழு கூறுகளே என 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்வந்தோர் சிலர் அதனை நான்காகக் குறைத்தனர். ஆனால், கூறு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ‘விருந்தோம்பல்’ என்பது ஒரே சொல். அறிந்த ‘விருந்து’ அதனைத் தாங்கி நிற்கும். தமிழ் கேளாத வீட்டுப் பிள்ளைக்கோ அஃது ஏழு தனி எழுத்துகள்.

இவ்வேறுபாடு நமக்குப் புறக்கதையன்று. சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள குடியிருப்பாளருள், வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. செங்காங் போன்ற புதுநகரில் வளரும் பிள்ளை, வகுப்பில் கற்ற சொல்லை மறுநாள் வகுப்புக்குள் வேறெங்கும் கேளாதிருத்தல் கூடும். தேக்காவுக்குச் செல்லும் நாள்வரை அச்சொல் காத்திருக்குமா? ஒத்த முயற்சியுடைய இருவர் ஒவ்வாத சுமையைத் தூக்கும்போது, ஒருவனை மட்டும் சோம்பேறி எனல் நீதியன்று.

இதற்குத் தீர்வு காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நன்னூற் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார், கேட்டவற்றை நினைத்தலையும் வினாதலையும் விடையளித்தலையும் கற்கும் முறையாக வகுத்தார். ஆசிரியர் உரைப்பதால் வருவது புலமையில் காற்பங்கே என்றார். உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. தானே பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டதும் இதற்கு அணித்தானதே. உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர், ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழிந்தபோதோ, அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவரே முந்தினர்.

எனவே, சொல்வதெழுதுதல் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதாகாமல் நினைவை வளர்க்கும் பயிற்சியாதல் வேண்டும். சென்ற வாரச் சொல் இவ்வாரமும் அடுத்த மாதமும் திரும்பி வருதல் வேண்டும். ஒரு பிள்ளை கற்றதை மற்றொரு பிள்ளைக்கு எடுத்துரைக்க நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. திரும்பப் பயில வாய்ப்பிருந்தும் பயிலாதவன் பொச்சாப்பின்பாற் பட்டவனே. ஆயினும் அவ்வாய்ப்பை அமைத்துத் தருதல் ஆசிரியர் கடமை. வள்ளுவர் பொச்சாவாமையை அரசியலில், ஆள்வோர்க்கு உரியதாக வைத்தார். வகுப்பறையில் ஆளும் பொறுப்புடையவர் ஆசிரியரே. ஒருமுறை கற்பித்துவிட்டு மீண்டும் அப்பாடத்தின்பால் திரும்பாத ஆசிரியர், மாணவன் மறதியைக் கடிவதற்கு முன் அவ்வதிகாரத்தைத் தமக்கென ஒருமுறை ஓதிப் பார்த்தல் நலம்.