உடலின் அளவும் தெரிவின் அறமும்

மனிதனது உயரம் அவன் முயன்று பெற்ற தகுதியன்று. பரம்பரையும் இளமைப்பருவ ஊட்டமும் அவனுக்கு அளித்த ஒன்றாகும். ஆயினும், அதனைக்கொண்டு அவன் மதிக்கப்படுவதும் ஒதுக்கப்படுவதும் பல சமுதாயங்களிற் காணப்படும் உண்மையாகும். நோய் எதுவுமற்ற ஒருவர் தமது காலென்பை வெட்டி நீட்டித் தருமாறு மருத்துவரிடம் வேண்டும்போது, அவ்வேண்டுகோளுடன் அறவியல் வினாவொன்றும் எழுகின்றது. தம் உடலை மாற்றிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு எதுவரை உண்டு? அம்மாற்றத்தை வேண்டுபவர் அவர்தாமா, அன்றி அவரை அளந்துபார்க்கும் சமுதாயமா?

இச்சிகிச்சை அழகின்பொருட்டுத் தோன்றியதன்று. இத்தாலிய மருத்துவரான அலெசாந்திரோ கொடிவில்லா குறுகிய காலை நீட்டும் முறைபற்றி 1905ஆம் ஆண்டில் எழுதினார். மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரிற் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ் 1950களில் அதனை நம்பத்தக்க முறையாக வளர்த்தெடுத்தார். வெட்டப்பட்ட என்பின் இரு முனைகளையும் மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியிற் புதிய என்பு தோன்றும் என்பதே அவர் கண்ட அடிப்படை. அவ்விலக்கம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர். அதுவும் நான்கு தடவைகளாகப் பகிர்ந்து செய்யப்படுவது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிற் தங்கப்பதக்கம் வென்ற வலேரி புரூமெல், 1965இல் மோட்டார்ச் சைக்கிள் விபத்திற் கால் சிதைந்து, பல சத்திரசிகிச்சைகள் பயனளிக்காத நிலையில் 1968இல் இலிசாரோவை நாடினார். சிதைந்த காலைச் சீராக்கும் இக்கலையை மறுக்க எவருக்கும் மனம் வராது.

அதே கருவி ஊறற்ற காலுக்குப் பயன்படும்போதுதான் சிக்கல் எழுகின்றது. ஐந்து சதமமீற்றர் உயரம் பெற ஏறத்தாழ ஐம்பது நாள்கள் என்பை விலக்கவேண்டும். அதன்பின் புதிய என்பு இறுகப் பல மாதங்கள் செல்லும். என்புடன் தசையும் நரம்பும் குருதிக்கலன்களும் நீளவேண்டும். ஆடுதசை இறுகிக் குதிகால் நிலத்திற் படியாமற்போதல், மூட்டு விறைத்தல், கிருமித்தொற்று, நரம்பூறு, என்பு பொருந்தாமை ஆகியன நேரக்கூடியவை. அண்மைக் காலத்தில் என்பினுள்ளே பொருத்தி வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கும் ஆணிகள் வந்துள்ளன. அவை வெளிவளையங்களின் தொல்லையை நீக்கினவேயன்றி, உடல் தன்னைத் தானே கட்டியெழுப்பும் வேகத்தை மாற்றவில்லை.

உடலளவுகளின் பொருத்தம் இங்கு இன்னொரு வினாவை எழுப்புகின்றது. கால் நீள்வதனாற் கையோ உடற்பகுதியோ நீள்வதில்லை. கீழ்க்காலென்பை நீட்டினால் தொடை ஒப்பளவிற் குறுகித் தோன்றும். தொடையென்பை நீட்டினால் நிலைமை மறுதலையாகும். எனவே, எவ்வளவு நீட்டுவது என்பதோடு எதனை நீட்டுவது என்பதையும் தெரிவுசெய்ய வேண்டியுள்ளது. விரித்த கைகளின் அகலம் உடலின் உயரத்திற்குச் சமம் என்ற விற்றுரூவியசின் கூற்றை லியோனார்டோ டா வின்சி 1490ஆம் ஆண்டையொட்டி ஓவியமாக்கினார். ஆயின், விற்றுரூவியஸ் அவ்வளவைக் கூறியது கோயிலமைப்பை விளக்கும் இடத்திலாகும். நமது சிற்ப மரபில் உத்தம தசதாளம் 124 அங்குலம் என வகுக்கப்பட்டதும் திருவுருவங்களுக்கேயாம். கல்லுக்கு வகுத்த அளவை உயிருள்ள மனிதனின் குறைகாணும் கோலாக்குதல் பொருந்தாது. உயரம் என்னும் ஓரளவின் பிடியிலிருந்து தப்ப முனைபவர், பொருத்தம் என்னும் மற்றோரளவின் பிடியில் அகப்படவும் கூடும்.

இதற்கெதிராகக் கூறப்படும் வாதம் வலிமையானது. வயதுவந்த ஒருவர் இடரை அறிந்து, தம் உடலைத் தாம் விரும்பியவாறு மாற்றிக்கொள்வதைத் தடுக்கப் பிறருக்கு என்ன உரிமை? சமுதாயம் திருந்தும்வரை பொறுத்திருக்குமாறு கூறுதல் எள்ளலுக்கு ஆளாகாதவர்க்கு எளிது. இளமை முழுவதும் அதனைச் சுமந்தவர்க்கு அது விடையாகாது. அவரது துயரை அற்பமென ஒதுக்குவது அறமுமன்று.

ஆயினும், உயரம் கல்வியைப் போன்றதொரு பேறன்று. கல்வி எல்லோருக்கும் வாய்த்தால் எல்லோரும் பயன்பெறுவர். எல்லோரும் ஐந்து சதமமீற்றர் உயர்ந்தால் முன்பிருந்த வரிசையே எஞ்சும், வலி மட்டுமே மிகுதியாகும். பொருள் படைத்தோர் மட்டும் உயர்ந்தாலோ, ஏனையோர் முன்னிலும் குள்ளராவர். சீனச் சுகாதார அமைச்சு, அழகின்பொருட்டு மட்டும் இச்சிகிச்சை செய்வதை 2006ஆம் ஆண்டில் தடைசெய்தது. ஆனால் அந்நாட்டில் உயரத்தைத் தகுதியாகக் கோரிய வேலை விளம்பரங்களும் இருந்தன. வாயிலை உயர்த்திவைத்தவர்களை விட்டுவிட்டு, அதனை எட்ட முனைந்தவரை மட்டும் தடுப்பது அரைநீதியேயாகும்.

நோய்க்காயின் தகும், அழகுக்காயின் தகாது எனக் கோடு கிழித்தலும் எளிதன்று. அகொண்ட்ரோபிளேசியா என்னும் மரபணு நிலையுடன் பிறக்கும் சிறுவர்க்கு இச்சிகிச்சை செய்யப்படுவதுண்டு. எட்டாதவை எட்டும் என்பது அதன் பயன். ஆயின் பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி மருத்துவமனையிற் கழியவும், அதனைப் பெற்றோர் முடிவுசெய்யவும் நேர்கின்றது. அத்தகைய உடலோடு நிறைவாக வாழும் பெரியோர் சிலர், திருத்தப்படவேண்டியது பிள்ளையா, அன்றி எட்டாத உயரத்திற் பொருள்களை வைத்த உலகமா என வினவுகின்றனர். நோயா அழகா என்பதைவிட, வலியை ஏற்பவர் யார், முடிவெடுப்பவர் யார், வேண்டாமென மறுக்கும் சூழல் அவருக்கு உண்டா என்பனவே பொருத்தமான வினாக்களாகும்.

இவ்வினாக்கள் ஒவ்வொருவரிடமும் சிலவற்றை வேண்டிநிற்கின்றன. மருத்துவர், விலைபேசும் வணிகராக நில்லாது, இடரை மறையாது எடுத்துரைத்து, வேண்டுபவரின் மனத்துயர் உயரத்தாற் தீருமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். பெற்றோர், பிள்ளை தானே எண்ணித் துணியும் பருவம்வரை இயன்றளவு பொறுத்தல் வேண்டும். சமுதாயமோ, இதனை ஒருவரது சொந்தத் தெரிவு எனக்கூறிக் கைகழுவலாகாது. உயரத்தால் ஆகாத தொழிலுக்கும் உயரத்தைக் கேட்பதை அது கைவிடல் வேண்டும். இவையெல்லாம் நிறைந்த பின்னரும் ஒருவர் என்பை நீட்டவே விழைவாராயின், அதனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. அத்தெரிவு அப்போதுதான் அவருடையதாகும்.